ஆயாவை உள்ளே கொண்டுபோன நாள்

ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் காருக்கு முன்னால் ஒரு கரும்பு வண்டி, பின்னால் ஒரு டவுன் பஸ். ஆடி மாதக் காற்று புழுதியை வாரி வாரி ஜன்னலுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

பின் சீட்டில் ஆயா படுத்திருந்தாள். தலை அம்மா மடியில், கால் அப்பா மடியில். நான் முன்னால், டிரைவர் பக்கத்தில். ஆயா செத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. அது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். டிரைவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

கேட்டைத் தாண்டினால் எங்கள் ஊர். ஊரில் எங்கள் வீடு. அந்த வீட்டு நடையைத் தாண்டி ஆயாவை உள்ளே கொண்டுபோக வேண்டும். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று ஊர் நம்பினால்தான் அது நடக்கும்.

"அத்தை, தோ வந்துட்டோம். கேட்டு போட்டுட்டான். கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள் அம்மா, டிரைவருக்குக் கேட்கும்படி.

நான் திரும்பிப் பார்க்காமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எருமைக்கு இருக்கும் மரியாதை

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் வீட்டு எருமையைப் பற்றி எழுதினேன். உடனே தங்கச்சி போன் பண்ணிவிட்டாள். "எருமையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதற. ஆயாவைப் பத்தி ஒரு வரி எழுத மாட்டியா? உனக்கு நன்றி இருக்குதா?" என்று ஒரு பிடி பிடித்தாள்.

எழுதக் கூடாது என்றில்லை. ஆயாவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே அந்த ரயில்வே கேட் வந்து குறுக்கே நின்றுகொள்கிறது. சரி, இந்த வாரம் அதைத் திறந்துவிடுகிறேன்.

ஆயா பேர் மாதம்மா. பென்னாகரத்துக்கும் அந்தாண்டை, காட்டோரத்து ஊர். அங்கே வீட்டுக்குள் கன்னடம்தான். கல்யாணம் பண்ணிக் கொண்டுவந்தபோது அவளுக்குத் தமிழில் திட்ட மட்டும்தான் தெரியும் என்று தாத்தா சொல்வாராம். எங்கள் ஊர் பொம்மிடிக்குப் பக்கம், தண்டவாளத்துக்கு அந்தப் புறம். அப்போது அங்கே வீடு இல்லை, கூரைக் கொட்டாய்தான். தாத்தாவும் ஆயாவும் சேர்ந்து மண் மிதித்து, சுவர் வைத்து, நாட்டு ஓடு போட்டார்கள். பெரிய மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நடுவீடு, ஒரு சமையல் அறை, பின்னால் மாட்டுக் கொட்டாய். அவ்வளவுதான்.

அந்த வீட்டின் மேல் அவளுக்கு இருந்த பைத்தியம் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல! எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். பென்னாகரத்தில் தன் சொந்தத் தம்பி கல்யாணத்துக்குப் போனவள், பந்தியில் உட்காராமல் இலைச் சோற்றை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். சுவர் ஓரமாகக் கால் நீட்டிப் படுத்தால் காலில் அடி விழும். மழை விட்டதும் சுவரை மோந்து பார்ப்பாள், எங்கே ஈரம் இறங்கியிருக்கிறது என்று. எங்களுக்கு அது பெரிய கேலி.

அறுபதுகளில் ஒரு வருஷம் மழையே இல்லை. கிணற்றில் மண்தான் தெரிந்தது. ஊரில் பாதிப் பேர் மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போனார்கள். எங்கள் வீட்டிலும் எல்லோரும் கிளம்பினோம். ஆயா மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டாள். "தனியா என்ன பண்ணுவ?" என்று அப்பா கெஞ்சினார்.

"நான் எங்கடா தனி? வூடு இருக்குது. எல்லாரும் போயிட்டா அதுதான் தனியா இருக்கும். பயந்துக்கும்."

வீடு பயந்துக்குமாம்! நாங்கள் திரும்பி வந்தபோது ஆயா எலும்பும் தோலுமாக இருந்தாள். வீடு புதுச் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தது. எனக்கு அவளை அடிக்கலாம் போல இருந்தது, கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது.

முறம் பிடித்த கதை

இந்தப் பைத்தியத்துக்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. அதைச் சொல்லாமல் கேட் திறக்காது.

எங்கள் ஊர் வழக்கம் இது. ஊருக்கு வெளியே உயிர் போனால் பிணத்தை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். வாசலிலேயே போட்டு, வாசலிலேயே குளிப்பாட்டி, அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே கொண்டுவந்தால் வீட்டுக்கு ஆகாது, பிள்ளைகளுக்கு ஆகாது.

தாத்தா சேலத்தில், ஆஸ்பத்திரியில் செத்தார். நான் பிறப்பதற்கு முன்னால், அம்மா கல்யாணமாகி வருவதற்கும் முன்னால். மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். ஆயா நடுவீட்டை மெழுகி, பாய் விரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். தாத்தாவின் தம்பி, எங்கள் சின்ன தாத்தா, வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கையை நீட்டி வழியை மறித்துக்கொண்டார்.

"ஊரு வழக்கம் அண்ணி. நான் என்ன பண்ணட்டும்?"

தாத்தாவைப் புளிய மரத்தடியில் கட்டிலில் போட்டார்கள். தூறல் ஆரம்பித்துவிட்டது. ஆயா உள்ளே ஓடி முறத்தை எடுத்துவந்து தாத்தா முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டாள். தூக்குகிற வரைக்கும் அந்த முறத்தை இறக்கவே இல்லையாம். "மண்ணு மிதிச்சுக் கட்டினவனுக்கு ஒரு பாய் அளவு எடம் குடுக்கல" என்பாள், இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம்.

அன்றிலிருந்து சின்ன தாத்தாவோடு அவள் பேசவில்லை. பக்கத்து வீடுதான், ஒரே வேலிதான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிட்டு, "அந்த ஆளுகிட்ட சொல்லு, மாடு நம்ம சோளத்துல மேயுதுன்னு" என்பாள். அந்த ஆள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவரும் எங்கள் வீட்டு நடையை அன்றிலிருந்து மிதித்ததில்லை. எங்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வாசலோடு நின்று, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

தெருவுக்கு நாங்கள்தான் ரேடியோ

அம்மாவைச் சொல்லாமல் விட்டால் அது இன்னொரு பாவம்.

அம்மா முத்தம்மா, அதியமான்கோட்டைக்காரி. ரோட்டோரத்து வீடு, கரண்ட் லைட்டு, சிமெண்டுத் தரை என்று வளர்ந்தவள். எங்கள் மண் வீட்டைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. தருமபுரியில் ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று அப்பாவை அரித்தெடுப்பாள். அப்பா எதற்கும் "பாக்கலாம்" என்பார். அவர் பேசினதிலேயே பெரிய பேச்சு அதுதான்.

மாமியாரும் மருமகளும் சண்டை போடாத நாள் கிடையாது. அம்மா சுண்ணாம்பு அடித்த சுவரை ஆயா திரும்ப அடிப்பாள். ஆயா மெழுகின தரையில் அம்மா வேண்டுமென்றே ஈரக்காலோடு நடப்பாள். எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை. தெருவுக்கே இவர்கள்தான் ரேடியோ. ஒரு நாள் சத்தம் கேட்கவில்லை என்றால், "யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள்.

அந்த ஆடியில் காற்று ஓட்டைக் கலைத்துவிட்டது. ஆள் விட்டு மாற்றலாம் என்றார் அப்பா. ஆயா கேட்பாளா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டாள். அம்மா கீழே நின்று கத்தினாள். "இறங்குங்க அத்தை! இந்த வயசுல என்ன குரங்கு வித்தை?" ஆயா மேலே இருந்து ஏதோ எதிர்ப்பேச்சு பேசத் திரும்பினாள். ஓடு வழுக்கிவிட்டது.

இடுப்பு போய்விட்டது. முட்டை, உளுந்து மாவு, மூங்கில் பத்தை என்று வீட்டிலேயே கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல் வந்து பிதற்ற ஆரம்பித்ததும் அப்பா முதல்முறையாகப் "பாக்கலாம்" என்று சொல்லாமல் தூக்கிக்கொண்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆயா நிலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தோம்.

"உசுரோட கொண்டாந்து சேக்கறேன் ஆத்தா. சத்தியமா" என்றார் அப்பா.

வாய்க்காரி

எனக்கு அப்போது டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்குக் காத்திருந்த காலம். படித்த திமிர் கொஞ்சம் ஜாஸ்தி. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவிடம் சொன்னேன். "உள்ள வெச்சா என்ன, வெளிய வெச்சா என்னம்மா? செத்தவங்களுக்குத் தெரியவா போகுது?"

அம்மா என்னை ஒரு முறை முறைத்தாள். "இப்ப உசுரோடதான இருக்காங்க? இப்பத் தெரியுது இல்ல? அந்தப் பயத்துலயே கெடக்கறாங்கடி."

அன்று காலையில் டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

ஆயா அம்மாவைக் கூப்பிட்டாள். மகனை இல்லை, என்னை இல்லை. காற்று மாதிரி இருந்தது குரல்.

"முத்து. என்னைய வெளிய போட்டுறாதீங்க."

"அதெல்லாம் பேசாதீங்க அத்தை."

"அவன் நல்லவன். ஆனா அழுதுருவான். நீதான் வாய்க்காரி. நீ கொண்டுபோயிடுவ."

அம்மா முந்தானையால் ஆயாவின் வாயைத் துடைத்துவிட்டாள்.

வாடகைக்கு ஒரு அம்பாசிடர் பிடித்தோம். டிரைவர் ஏற்றும்போதே கறாராகச் சொல்லிவிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. சாமி கும்புட்டு ஓட்டற வண்டி. வழியில ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா நான் எறக்கி வுட்டுருவேன்."

தருமபுரியை விட்டு வெளியே வந்து புளிய மரச் சாலையில் கார் போகும்போது ஆயா கண்ணைத் திறந்தாள். "மனெகெ ஹோகோணா" என்றாள். வீட்டுக்குப் போலாம். இத்தனை வருஷமும் நாங்கள் கேட்டறியாத சின்னப் பிள்ளைக் குரல். பிறந்த ஊர்ப் பேச்சில் புகுந்த வீட்டைக் கேட்டாள்.

"போயிட்டே இருக்கறோம் அத்தை" என்றாள் அம்மா.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து என் தோளை யாரோ அழுத்தினார்கள். திரும்பினேன். அம்மா தலையை மெல்ல இல்லை என்று ஆட்டினாள். அப்புறம் விரலை வாயில் வைத்தாள். அப்பா துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

கோவிந்தம்மா ஏறினாள்

இப்போது கேட்டுக்கு வருவோம்.

ரயில் வந்தபாடில்லை. டிரைவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்தார். "பாட்டி சத்தத்தையே காணோமே?"

"தூக்க ஊசி போட்டிருக்குதுங்க" என்றேன் நான்.

அந்த நேரம் பார்த்தா வரவேண்டும்! தலையில் சந்தைக் கூடையோடு கோவிந்தம்மா. எங்கள் தெருக்காரி. அவள் காதில் ஒன்று விழுந்தால் மாரியம்மன் கோயில் மைக்கில் சொன்ன மாதிரி. காரைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டு ஜன்னலுக்குள் தலையை விட்டாள்.

"அய்யோ, மாதம்மாக்கா! எப்படி இருக்குது முத்தம்மா? டாக்டர் என்னா சொன்னான்?"

"பரவால்ல. வூட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

"நல்லதாப் போச்சு. நானும் வூட்டுக்குத்தான். இந்தாம்மா, கொஞ்சம் நகந்துக்க" என்று என்னைத் தள்ளிவிட்டுக் கூடையோடு முன் சீட்டில் ஏறிவிட்டாள். ஏறினவள் முன்னால் பார்த்து உட்கார்ந்தாளா? முழுசாகத் திரும்பி, சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு, ஆயா முகத்தையே பார்த்தாள்.

"யக்கா, என்னைத் தெரியுதா? ஏன் முத்தம்மா, கண்ணே அசையலியே?"

சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள், ஆயா கன்னத்தைத் தொட. அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

அம்மா அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். அப்புறம் ஆரம்பித்தாள்.

"கண்ணு எப்படி அசையும்? எங்கூடக் கோவம்! என்னா கோவம் அத்தை உங்களுக்கு? ஓட்டு மேல ஏறாதீங்கன்னு சொன்னனா இல்லியா? தொண்டத் தண்ணி வத்தக் கத்தினேனே, கேட்டீங்களா? எம்பேச்சை என்னைக்குக் கேட்டிருக்கீங்க? நான் அடிச்ச செவுத்தை மறுபடி அடிப்பீங்க. நான் வெச்ச கொழம்புல மறுபடி உப்புப் போடுவீங்க. இப்ப வந்து எம்மடியில படுத்துக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா ஆச்சா? பதில் சொல்லுங்க!"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். கரும்பு வண்டிக்காரரும் திரும்பிப் பார்த்தார். அம்மா நிறுத்தவே இல்லை.

"வூடு வூடுன்னு உசுர வுட்டீங்களே, நாங்க உங்களுக்கு ஆருமே இல்லியா? அந்த ஓடு ஒழுகினா ஒழுகிட்டுப் போகுது! நான் சட்டி வெச்சுப் புடிச்சிருக்க மாட்டனா? என்னையத் தனியா வுட்டுட்டுப் போயி அங்க படுத்துக்கிட்டு... நாளைக்கு நான் ஆருகிட்ட சண்டை போடறது? சொல்லுங்க அத்தை!"

குரல் உடைந்தது. உடனே இருமிச் சமாளித்துக்கொண்டாள்.

கோவிந்தம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "அடி பாவி, ஒடம்பு சரியில்லாத பொம்பளைய இப்படியாடி திட்டுவ? கொஞ்சமாச்சும் ஈவு எரக்கம் இருக்குதா உனக்கு?" என்று சொல்லிவிட்டு, போதும் என்று முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ரயில் தடதடவென்று போனது. அந்தச் சத்தத்தில்தான் அப்பா வாய்விட்டு அழுதார். யாருக்கும் கேட்கவில்லை. கேட் தூக்கினார்கள்.

வாசலில் பால்

கார் வருவதைப் பார்த்து எங்கள் வாசல் புளிய மரத்தடியில் ஊரே கூடிவிட்டது. கார் நின்றதும் நிற்காததுமாகக் கோவிந்தம்மா இறங்கி அறிவித்துவிட்டாள். "உசுரோட வந்துட்டாங்க! முத்தம்மா வழியெல்லாம் திட்டிக்கிட்டே வாரா!"

நாலு பேர் சிரித்தார்கள். டிரைவர்கூட, "பாட்டிய நல்லபடியா சேத்துட்டோம்" என்று நிம்மதியாகத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டார்.

சின்ன தாத்தா சிரிக்கவில்லை. இப்போது பங்காளிகளில் அவர்தான் மூத்தவர். எழுந்து வந்து எங்கள் நடைக்கு முன்னால் நின்றார், அன்றைக்கு நின்ற அதே இடத்தில்.

"உசுரு இருக்குதா?"

"இருக்குதுங்க மாமா" என்றாள் அம்மா.

அவர் அம்மாவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"கட்டிலை இங்க போடுங்க. பாலு கொண்டாங்க."

அதுவும் வழக்கம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகக் கொண்டுவருகிறவர்களுக்கு வாசலில் பால் புகட்டிப் பார்ப்பார்கள். முழுங்கினால் உள்ளே. இல்லையென்றால் புளிய மரத்தடி. நாங்கள் இதை மறந்தே போயிருந்தோம். அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. அவள் வாய் இனி எதற்கும் ஆகாது.

குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடையில் பால் வந்தது. சின்ன தாத்தா கட்டில் ஓரம் குந்தினார். ஊர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. தலைமாட்டில் நான், அம்மா, அப்பா. எங்களுக்கு மட்டும் ஆயா முகம் தெரிந்தது.

ஆயாவின் மோவாயைப் பிடித்தார். பிடித்ததும் அவர் கை நின்றுவிட்டது. ஆடிக் காற்றில் மரம் சலசலத்தது, வேறு சத்தமே இல்லை.

பாலை ஊற்றினார். பால் உள்ளே போகவில்லை. கடைவாயில் நிறைந்து, கன்னத்தில் வழிந்து, கழுத்துப் பக்கம் இறங்கியது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

தோளில் இருந்த துண்டை எடுத்தார். கன்னத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், ஒரு சொட்டு விடாமல். துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"முழுங்கிட்டாங்க. தூக்குங்கடா அண்ணிய."

தூக்கினோம். நடையைத் தாண்டும்போது அம்மா குனிந்து ஆயா கையை எடுத்து நிலையில் ஒரு முறை வைத்தாள். நடுவீட்டில் பாய் விரித்துக் கிடத்தினோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அம்மா வாயைத் திறந்தாள். அந்த அழுகைச் சத்தம் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டிருக்கும்.

எல்லாம் முடிந்து, பொழுது இறங்குகிற நேரம். வந்தவர்கள் போய்விட்டார்கள். சின்ன தாத்தா மட்டும் புளிய மரத்தடியில், தன் அண்ணனைப் போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். துண்டு இன்னும் மடியிலேயே இருந்தது. அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். நானும் கூடப் போனேன்.

அவர் குடிக்கவில்லை. செம்பைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

"எங்கண்ணனக் கொண்டாந்தப்ப நீ இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வரலியேம்மா" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள வாங்க மாமா. சோறு ஆயிருக்குது."

அவர் அந்தத் தண்ணீரைக் காலில் ஊற்றிக் கழுவிக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னால் நடந்து வந்து, தலை இடிக்காமல் குனிந்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்.